முட்டுக்கட்டை (தேர்)

முட்டுக்கட்டை என்பது கோயில் தேர் ஓடும்போது அதன் வேகத்தைக் குறைக்கவும், திசையைத் திருப்பவும், தேரை நிறுத்தவும், நின்ற தேரை நகராமல் பூட்டி வைக்கவும் சக்கரங்களின் அடியில் இடப்படும் ஆப்பு வடிவ மரக்கட்டை ஆகும். சில ஊர்களில் இது சறுக்குக்கட்டை என்றும் அழைக்கப்படுகிறது. தமிழ்நாட்டின் பெருந்தேர்களில் மாட்டு வண்டிக்கு உள்ள தடைக்கட்டை கூட மரபாக இருந்ததில்லை. பல டன் எடையுள்ள தேரை ஆயிரக்கணக்கானோர் வடம் பிடித்து இழுக்க, சக்கரத்தின் அருகில் நடக்கும் ஒரு சிலர் மரத்துண்டுகளைக் கொண்டே அதனை ஆளுகின்றனர். மதுரை மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலின் சித்திரைத் தேரோட்டத்தில் இம்முறையைக் காணலாம்.

அசையும் பெரும் எடையை நிறுத்துவதும், நின்ற எடையைப் பிடித்து வைப்பதும் இரு வேறு சிக்கல்கள். பொறியியல் மாணவர்கள் போட்டிகளுக்காக உருவாக்கும் எந்திரன்களிலும் (ரோபோக்களிலும்) இதே இரு சிக்கல்கள் எழுகின்றன. ஆகவே அவற்றின் தடை, பூட்டுப் பொறிமுறைகளும் இக்கட்டுரையில் ஒப்பிட்டு விளக்கப்படுகின்றன.

பெயர்

முட்டு என்னும் சொல்லுக்குத் தாங்கல், எதிர்த்து நிற்பது என்னும் பொருள்கள் உண்டு. சாயும் சுவருக்கு முட்டுக் கொடுத்தல் என்பது ஊர்வழக்கு. மதுரைக் கீழமாசி வீதியில் தேர்கள் நிற்கும் இடம் தேர்முட்டி எனப்படுகிறது.

ஒரு நற்செயலைத் தடுப்பதை "முட்டுக்கட்டை போடுதல்" என்று செய்தித்தாள்கள் எழுதுவது வழக்கம். தேரோட்டத்தில் இச்சொல்லுக்கு இந்த இழிபொருள் கிடையாது. அங்கே முட்டுக்கட்டை போடத் தெரிந்தவரே தேரை ஓட்டுபவர்.

மதுரைத் தேரோட்டம்

சித்திரைப் பெருவிழாவில் பத்தாம் நாள் மீனாட்சி திருக்கல்யாணமும் மறுநாள் தேரோட்டமும் நடைபெறுகின்றன. சுந்தரேசுவரர் பிரியாவிடையுடன் பெரிய தேரிலும், மீனாட்சி அம்மன் அடுத்த தேரிலும் எழுந்தருள்வர். முன்பு மாசி மாதத்தில் நடந்த இத்தேரோட்டத்தைத் திருமலை நாயக்கர் (ஆட்சிக்காலம் 1623–1659) சித்திரைக்கு மாற்றி அழகர் விழாவுடன் இணைத்தார் என்பது மரபுச் செய்தி. அறுவடைக் காலத்தில் வடம் பிடிக்கப் போதிய ஆட்கள் கிடைக்காததும் இதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகிறது. மாசி மாதம் விலகினாலும், தேரோடும் தெருக்களின் பெயரில் அம்மாதம் இன்றும் நிலைத்திருக்கிறது.

தேர்கள் கீழமாசி வீதியில் புறப்பட்டு, தெற்கு, மேல, வடக்கு மாசி வீதிகள் வழியாக வலமாகச் சுற்றி நிலையை அடைகின்றன. வலமாகச் சுற்றுவதால் ஒவ்வொரு மூலையிலும் தேர் வலப்புறமே திரும்புகிறது. மாசி வீதிகள் ஏறக்குறைய நேரானவை என்றாலும் இருபுறமும் கடைகளும் கட்டடங்களும் நெருங்கி நிற்பவை. எனவே தேர் சிறிதளவு கோணினாலும் உடனே திருத்த வேண்டியுள்ளது. நகருக்கு வெளியே திருப்பரங்குன்றத்தில் பங்குனிப் பெருவிழாத் தேர் குன்றைச் சுற்றி வருகிறது. அழகர்கோயிலில் ஆடித் தேரோட்டம் நடைபெறுகிறது.

வடத்தால் ஏன் நிறுத்த முடியாது

கயிற்றால் இழுக்க முடியும், தள்ள முடியாது. இழுப்பவர்கள் கையை விட்டால் வடம் தொய்ந்து விழுமே தவிர, தேரைப் பின்னோக்கித் தள்ளாது. தேர் அதுவரை பெற்ற வேகத்தில் தொடர்ந்து நகரும். அது நகரும் திசையில்தான் இழுத்தவர்கள் நெருக்கமாக நிற்கின்றனர். பொறியியல் நோக்கில் தேரோட்டத்தின் முழு இடரும் இந்த ஒரு வாக்கியத்தில் அடங்கும் எனலாம். முன்னே உள்ள கூட்டம் விசையைத் தரும். ஆனால் அந்த விசையால் தன்னைக் காத்துக்கொள்ள முடியாது. ஆகவே தடை சக்கரத்திலேயே அமைய வேண்டியுள்ளது.

சாலைச் சரிவு இதை மேலும் கடினமாக்குகிறது. 40 டன் எடையுள்ள ஒரு தேர், 50 மீட்டருக்கு 1 மீட்டர் இறங்கும் மிக மென்மையான சரிவில் நிற்பதாகக் கொள்வோம். அதைக் கீழ்நோக்கி இழுக்கும் ஈர்ப்பு விசை ஏறத்தாழ 800 கிலோ எடைக்குச் சமம். கண்ணுக்குத் தெரியாத சரிவே இவ்வளவு விசையைத் தருகிறது.

போடும் முறை

கட்டையின் ஒரு முனை மெலிந்தும் மறு முனை தடித்தும் இருக்கும். திருவாரூர் ஆழித்தேருக்குப் புளியமரக் கட்டைகள் பயன்படுத்தப்படுகின்றன. புளியமரம் கடினமானது, எளிதில் பிளவுபடாதது. அழுத்தத்தில் சிறிது நசுங்கி இரும்புப் பட்டையைப் பற்றிக்கொள்ளும் மரமே இதற்கு ஏற்றது. கல்லையோ வார்ப்பிரும்பையோ விட இதனாலேயே மரம் பொருத்தமாகிறது. ஒரு தேரோட்டத்தில் பல கட்டைகள் நசுங்கி வீணாகின்றன. எனவே மிகுதியான கட்டைகள் முன்னரே செய்து வைக்கப்படுகின்றன.

நின்ற தேரைக் கிளப்புவது வேறு வேலை. பின்சக்கரங்களின் அடியில் நீண்ட நெம்புதடிகளைச் செருகி, பலர் ஏறி மிதித்து உந்துவர். இதனைத் தடி போடுதல் என்பர். தேரின் மேல் அல்லது முன் நிற்பவர் துணியை அசைத்து வடம் பிடிப்பவர்களுக்கும் கட்டை போடுபவர்களுக்கும் குறிப்புக் கொடுப்பார்.

தேரின் அச்சுகள் திரும்புவதில்லை. எனவே திருப்ப வேண்டிய பக்கத்துச் சக்கரத்தின் முன் கட்டையைச் செருகி அப்பக்கத்தைத் தாமதப்படுத்துகின்றனர். மறுபக்கம் முன்னேறுவதால் தேர் தடைப்பட்ட பக்கமாகத் திரும்புகிறது. மதுரையின் மூலைகளில் இது வலச்சக்கரம் ஆகும். பீரங்கி வண்டியும் உழவுப் பொறியும் ஒரு பக்கத்தை மட்டும் தடுத்துத் திரும்புவது இதே முறையில்தான். சில ஊர்களில் மூலையில் இரும்புத் தகடுகளை விரித்து, மசகு தடவி, அதன்மேல் சக்கரத்தைப் பக்கவாட்டில் வழுக்கச் செய்தும் திருப்புகின்றனர்.

பொறியியல் விளக்கம்

இவ்வளவு சிறிய கட்டை இவ்வளவு பெரிய தேரை எப்படி நிறுத்துகிறது என்னும் வியப்பு இயல்பானது. விடை வேகத்தில் உள்ளது.

நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் செல்லும் 40 டன் தேரின் இயக்க ஆற்றல் 5000 ஜூல். இதே ஆற்றலைக் கொண்டு அத்தேரை வெறும் 1.3 சென்டிமீட்டர் உயரத்திற்கே தூக்க முடியும். அதாவது, சக்கரங்கள் அனைத்தும் 1.3 செ.மீ. மேடேறினால் தேரின் வேகம் முழுவதும் செலவாகிவிடும். முன்சக்கரங்களுக்கு மட்டும் கட்டை போட்டால் எடையில் ஏறத்தாழப் பாதியே உயர்கிறது. எனவே சுமார் 2.6 செ.மீ. உயரம் தேவை. இக்கணக்கில் தேரின் எடை இருபுறமும் நீங்கிவிடுவது கவனிக்கத்தக்கது. தேர் 40 டன்னாயினும் 300 டன்னாயினும் தேவையான உயரம் ஒன்றே. முட்டுக்கட்டை என்பது உண்மையில் கையில் எடுத்துச் செல்லக்கூடிய ஒரு மேடு.

ஆனால் வேகம் இருமடங்கானால் உயரம் நான்கு மடங்காகும். நொடிக்கு 1 மீட்டர் வேகத்திற்கு 10 செ.மீ.க்கு மேலும், 2 மீட்டர் வேகத்திற்கு 40 செ.மீ.க்கு மேலும் முன்சக்கரங்கள் ஏற வேண்டும். பிந்தையது கட்டையால் ஆகாத செயல். எனவே வேகம் பிடித்த பின் நிறுத்துவதற்காக அன்றி, வேகம் பிடிக்க விடாமல் இருப்பதற்காகவே முட்டுக்கட்டை தொடர்ந்து போடப்படுகிறது. இழுப்பவர்கள் வடத்தை விடாமல் இழுத்துக்கொண்டிருந்தாலும், சாலை இறங்கினாலும் இக்கணக்கு மேலும் பாதகமாக மாறும்.

கட்டை இரு வகையாக வேலை செய்கிறது. சக்கரம் அதன் மேல் ஏற முயல்வது ஒன்று. சக்கரத்தைச் சுமந்தவாறே கட்டை சாலையில் சறுக்கிச் செல்வது மற்றொன்று. சறுக்குக்கட்டை என்னும் பெயர் இதற்கே பொருந்தும். கட்டைக்கும் சாலைக்கும் இடையே உராய்வுக் குணகம் 0.4 என்றும், பாதி எடை கட்டைகளின் மேல் அமர்ந்துள்ளது என்றும் கொண்டால், நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் வரும் தேர் ஏறத்தாழ 25 செ.மீ. தொலைவில் நிற்கும்.

இந்தச் சறுக்கல் ஒரு குறை அன்று. அதே தேரை 5 செ.மீ.க்குள் நிறுத்தினால் வேகத்தடுப்பு புவியீர்ப்பு முடுக்கத்திற்கு ஈடாகிவிடும். தேர் உயரமானது, அலங்காரம் கட்டிய பின் அதன் எடைமையமும் மேலே செல்கிறது. எடைமையம் 4 மீட்டர் உயரத்திலும், முன்சக்கரம் அதற்கு 2.5 மீட்டர் முன்னாலும் உள்ள ஒரு தேர், புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.6 பங்குக்கு மேற்பட்ட தடுப்பு நீடித்தால் முன்னோக்கிக் கவிழத் தொடங்கும். 25 செ.மீ. சறுக்கல் தருவது 0.2 பங்கு மட்டுமே. பழகியவர்கள் முதலில் மெல்லிய கட்டையையும் பின்னர் தடித்ததையும் போடுவதன் பயன் இதுவே. புதியவர் அச்சத்தில் முதலிலேயே பெரிய கட்டையை எறிவது, கட்டை போடாமல் விடுவதைப் போலவே ஆபத்தானது.

ஆப்புக் கோணமும் முக்கியமானது. கட்டை மேலே சக்கரத்தாலும் கீழே சாலையாலும் நெருக்கப்படுகிறது. தொடும் இடத்தில் இவ்விரு பரப்புகளுக்கும் இடைப்பட்ட கோணம், இரு பரப்புகளின் உராய்வுக் கோணங்களின் கூட்டுத்தொகையை மீறாத வரை கட்டை சிக்கிக்கொள்ளும்; நெருக்கம் கூடக்கூட இறுகும். மீறினால் ஈரக் கையில் பிடித்த புளியங்கொட்டையைப் போல வெளியே தெறிக்கும். உராய்வுக் குணகம் 0.4 ஆயின் இந்த எல்லை ஏறத்தாழ 43 பாகை. மசகோ நீரோ பட்டு அது 0.2 ஆகக் குறைந்தால் எல்லை 22 பாகைக்கு வந்துவிடும். தேர் வரும் வழியில் சிதறு தேங்காய் நீரும் பூவும் கிடப்பது வழக்கம் என்பதால், காய்ந்த சாலைக்குக் கணக்கிட்ட கட்டை போதாது. நீண்டு மெலிந்த கட்டைகளே காப்பானவை.

நீர்மத் தடை

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல தேர்களுக்கு இரும்பு அச்சுகளும் இரும்புச் சக்கரங்களும் பொருத்தப்பட்டன. திருச்சிராப்பள்ளியிலுள்ள பாரத மிகுமின் நிறுவனம் (பெல்) இப்பணியில் பெரும்பங்கு ஆற்றியது. 96 அடி உயரமும் ஏறத்தாழ 300 டன் எடையும் கொண்டதாகக் கூறப்படும் திருவாரூர் ஆழித்தேருக்கு அந்நிறுவனத்தின் நீர்மத் தடையும் பொருத்தப்பட்டுள்ளது. பல ஆண்டுகள் ஓடாதிருந்த அத்தேர் 1970இல் மீண்டும் ஓடத் தொடங்கியது. திருவில்லிபுத்தூர் ஆண்டாள் தேரிலும் பின்னர் இரும்புச் சக்கரமும் நீர்மத் தடையும் இடம்பெற்றன.

நீர்மத் தடை பாசுக்கல் விதியின்படி இயங்குகிறது. 2 செ.மீ. விட்டமுள்ள உந்துதண்டை அழுத்தினால், குழாய் வழியே இணைந்த 10 செ.மீ. விட்டமுள்ள உந்துதண்டு 25 மடங்கு விசையைத் தரும். ஒருவர் தேருக்குள் அமர்ந்தவாறே தடையை இயக்க முடிகிறது. எவரும் சக்கரத்தின் அருகில் செல்ல வேண்டியதில்லை என்பதே இதன் முதன்மையான நன்மை.

இருப்பினும் முட்டுக்கட்டை மறையவில்லை. தேரைத் திருப்புவதற்கு அது இன்னும் தேவை. மேலும், நின்ற தேரை நீர்மத் தடையை மட்டும் நம்பி விட முடியாது. எண்ணெய் சிறிது சிறிதாகக் கசிந்தால் அழுத்தம் இறங்கும். நிலைக்கு வந்த தேருக்கு முன்னும் பின்னும் கட்டை இட்ட பின்னரே அது பூட்டப்பட்டதாகக் கொள்ள முடியும்.

ஆளும் ஆபத்தும்

முட்டுக்கட்டையின் பெருங்குறை, அது தானாக விழுவதில்லை என்பதாகும். வடம் அறுந்தாலும், குறிப்புக் கொடுப்பவரின் குரல் கூட்டத்தில் கேட்காமல் போனாலும், ஒருவர் உருளும் சக்கரத்தை நோக்கி நெருங்கினால்தான் தேர் நிற்கும். 2024இல் திருநெல்வேலி நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தில் வடங்கள் அடுத்தடுத்து அறுந்தது பலருக்கு நினைவிருக்கும். கட்டை போடுபவர்கள் சக்கரத்தில் சிக்கி உயிரிழப்பது தமிழ்நாட்டில் அரிதான செய்தி அன்று.

தொடர்வண்டித் துறை இச்சிக்கலை 19ஆம் நூற்றாண்டிலேயே எதிர்கொண்டது. பெட்டிகளில் ஆட்கள் நின்று தடையைக் கையால் திருகும் முறை அதற்கு முன் இருந்தது. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1870களில் கொண்டுவந்த தானியங்கிக் காற்றுத் தடையில், குழாயில் காற்றழுத்தம் இருக்கும் வரை தடை விலகி நிற்கும். குழாய் அறுந்தால் தடை தானே விழும். எலிசா ஓட்டிஸ் 1854இல் நியூயார்க்கில் செய்துகாட்டிய மின்தூக்கிக் காப்பும் இதே கொள்கையில் அமைந்தது: கயிறு அறுந்ததும் வில் விரிந்து தூக்கியைப் பிடித்துக்கொண்டது. தேருக்கு இத்தகைய தடையை வடத்துடன் இணைத்து அமைப்பது இயலாததன்று. ஆயினும் வடம் ஒவ்வொரு முறை தொய்யும்போதும் தேர் குலுங்கி நிற்கும் என்பதால் அது எளிதன்று. அதுவரை, நீண்ட கைப்பிடி கொண்ட கட்டைகளும், சக்கரத்தைச் சுற்றிக் கூட்டத்தை விலக்கி வைப்பதுமே நடைமுறைக்கு உகந்த காப்புகள்.

போட்டி எந்திரன்களில் தடையும் பூட்டும்

ஆசிய-பசிபிக் ஒலிபரப்பு ஒன்றியம் 2002 முதல் நடத்தும் ரோபோகான் போட்டி இந்தியப் பொறியியல் கல்லூரிகளில் நன்கு அறியப்பட்டது. இந்தியா 2008இலும் 2014இலும் புனேயிலும், 2022இல் புதுதில்லியிலும் இதனை நடத்தியது. 2008இன் கருப்பொருள் உறியடி. 2014இல் பெற்றோர் எந்திரன் ஒன்று குழந்தை எந்திரனைத் தூக்கிச் சென்று ஏற்றப்பலகையிலும் ஊஞ்சலிலும் விளையாட வைக்க வேண்டும். குழந்தை எந்திரன் ஏணியும் ஏற வேண்டும். தூக்கியதைக் கீழே விடாதிருப்பது அங்கே வெற்றிக்கு முதல் தேவை.

புதிய அணிகள் தடைக்கு மின்னோடியையே நம்புவது வழக்கம். நேர்மின்னோட்ட மின்னோடியின் இரு முனைகளையும் குறுக்கிணைத்தால், சுழலும் மின்னோடி மின்னாக்கியாக மாறித் தன் சுழற்சியையே எதிர்க்கும். இது நல்ல தடை. ஆனால் பூட்டு ஆகாது. எதிர்ப்பு விசை சுழற்சி வேகத்திற்கு நேர்விகிதத்தில் இருப்பதால், வேகம் சுழியாகும்போது எதிர்ப்பும் சுழியாகிறது. தூக்கிய கை மெல்ல மெல்லக் கீழிறங்கும். மின்சாரம் செலுத்தியே பிடித்து வைத்தாலோ, சுழலாத மின்னோடி சூடேறிக் கருகும்.

அமெரிக்காவில் தொடங்கிய பர்ஸ்ட் போட்டியின் 2016, 2018, 2020 ஆட்டங்களில் எந்திரன்கள் இறுதியில் ஒரு கம்பியைப் பற்றித் தொங்க வேண்டியிருந்தது. ஆட்டம் முடிந்ததும் மின்னோடிகளுக்கு மின்சாரம் நின்றுவிடும். அதன் பின்னும் விழாமல் தொங்குவதற்கு இயந்திரப் பூட்டு தேவை. இதற்குப் பின்வரும் வழிகள் உள்ளன.

முதலாவது தானே பூட்டிக்கொள்ளும் திருகு. மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்களின் மடைகளில் இதைக் காணலாம். திருகுத் தண்டைச் சுற்றி அடைப்பலகையை உயர்த்தியபின் கையை எடுத்தாலும், பலகை விட்ட இடத்திலேயே நிற்கும். திருகின் சாய்கோணம் உராய்வுக் கோணத்தை விடக் குறைவாக இருப்பதே காரணம். 40 மி.மீ. விட்டமும் 7 மி.மீ. புரியிடைவெளியும் கொண்ட திருகின் சாய்கோணம் 3.2 பாகை, உராய்வுக் குணகம் 0.15 எனின் உராய்வுக் கோணம் 8.5 பாகை. முட்டுக்கட்டையின் கோணக் கணக்கும் இதுவும் ஒன்றே. திருகு என்பது தண்டைச் சுற்றிய ஆப்பு. எந்திரன்களில் இதே பணியை வார்ம் பல்லிணை செய்கிறது. இதற்கு விலையும் உண்டு. மேற்கண்ட திருகின் பயனுறுதிறன் 27 விழுக்காடு மட்டுமே; எஞ்சியது உராய்வில் வெப்பமாகிறது. கடும் அதிர்வில் இப்பூட்டு நழுவவும் கூடும்.

இரண்டாவது ஒருவழிப் பற்சக்கரமும் அதில் விழும் நாவும். 40 கிலோ எந்திரன் 15 மி.மீ. ஆரமுள்ள உருளையில் சுற்றிய கயிற்றில் தொங்கினால் உருளையில் ஏறத்தாழ 6 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை உண்டாகும். நாவை உருளையில் பொருத்தினால் அது முழு விசையையும் தாங்க வேண்டும். 50க்கு 1 என்னும் பல்லிணையின் மறுபக்கத்தில், மின்னோடித் தண்டில் பொருத்தினால் ஐம்பதில் ஒரு பங்கு போதும். சிறிய நா போதும் என்பதால் மாணவர்கள் இரண்டாவதையே விரும்புவர். ஆனால் இடையில் ஒரு பல்லோ சங்கிலியோ உடைந்தால் அப்பூட்டு வெறும் மின்னோடியைத்தான் பூட்டியிருக்கும், எந்திரன் விழும். பூட்டு சுமைக்கு எவ்வளவு அருகில் உள்ளதோ அவ்வளவு நல்லது. தேருக்கு வடத்தில் அன்றிச் சக்கரத்தில் கட்டை போடுவதும் இதனாலேயே. 12 பற்கள் மட்டும் உள்ள சக்கரத்தில் நா விழுமுன் சுமை 30 பாகை, அதாவது இவ்வுருளையில் ஏறத்தாழ 8 மி.மீ. இறங்கி அதிரும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மூன்றாவது வில்லால் அழுத்தப்பட்டு மின்காந்தத்தால் விலக்கப்படும் தடை. மின்சாரம் நின்றால் வில் தடையை அழுத்தும். மின்தூக்கிகளில் உள்ளது இவ்வகையே. எடையும் விலையும் கூடுதல் என்பதால் சிறிய அணிகள் தவிர்க்கின்றன.

எந்திரச் சண்டைப் போட்டிகளில் பூட்டு ஆட்ட உத்தியாக அன்றி, உயிர்க்காப்பாகவே கட்டாயமாகிறது. சுழலும் ஆயுதம் மின்சாரம் நின்றபின் 60 நொடிக்குள் முழுமையாக நிற்க வேண்டும் என்று பல விதிமுறைகள் கூறுகின்றன. களத்துக்கு வெளியே ஆயுதத்தின் துளையில் தடித்த ஊசியைச் செருகி, மின்னோடி தவறுதலாக இயங்கினாலும் ஆயுதம் அசையாதவாறு பூட்டியிருக்க வேண்டும். தேர்ச் சக்கரம் அச்சிலிருந்து கழலாமல் காக்கும் அச்சாணியும் இவ்வகைப் பூட்டே. 667ஆம் திருக்குறள் பெருந்தேரின் அச்சாணியைக் குறிப்பிடுகிறது. அச்சாணி தேர் ஓடும் நேரம் முழுவதும் இருக்க வேண்டியது. ஆயுத ஊசியோ களத்துக்குள் சென்ற பின் மட்டுமே எடுக்கப்பட்டு, ஆட்டம் முடிந்ததும் எந்திரனை வெளியே தூக்குவதற்கு முன் மீண்டும் செருகப்படுகிறது.